ஸலவாத்தில் அளந்த வேகம்

என் மகன் பேசப் பிந்துகிறானா, அல்லது நான்தான் அவசரப்படுகிறேனா? சில மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

அவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. "ம்மா" என்பான். தண்ணீருக்கு ஒரு சத்தம், விளக்குக்கு ஒரு சத்தம், வேண்டாம் என்பதற்கு என் தோளில் ஒரு அடி. அவ்வளவுதான். வாப்பா எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே வளவுக்குள் வீடு கட்டித் தந்தவர். தங்கச்சியின் மகள் என் மகனுக்கு ஒரு மாதம் இளையவள். அவள் வேலியோரம் நின்று, "பெரியம்மா, எங்கட பூனை சோறு தின்னல்ல" என்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன்.

அப்படிப் போய் நிற்கும்போது எனக்கு ஒருவரின் ஞாபகம் வரும். அவர் டொக்டர் இல்லை. அப்போது பிள்ளை குட்டி உள்ளவரும் இல்லை. கணினியில் புள்ளிவிபரம் ஓட்டியவர். கலியாணத்துக்கு முன் நான் அவரிடம்தான் வேலை செய்தேன். மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல நான் அவரை ராத்தா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கல்முனைக்குடியில், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் அவருடைய வீடு. முன்னறைதான் வேலை இடம். ஒரு பழைய பெரிய கணினி, ஒரு மடிக்கணினி, சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. ஆய்வு எழுதும் ஆசிரியர்களும் தாதிமாரும் கமநல உத்தியோகத்தர்களும் வினாக்கொத்துகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் அவற்றைக் கணினியில் பதிவேன். ராத்தா அதைப் புள்ளிவிபர மென்பொருளில் ஓட்டி, எது எதோடு சேர்ந்து கூடுகிறது, எது குறைகிறது என்று அட்டவணை எடுத்துக் கொடுப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பட்டம் பெற்றவர். உம்மாவோடு தனியாக இருந்தார்.

அந்த மென்பொருளுக்கு அவ்வப்போது புதிய பதிப்பு வரும். வந்தவுடன் எல்லோரும் கேட்பது அதன் வேகத்தைத்தான்: "மிஸ், புது வேர்ஷன் கெதியா ஓடுமா?"

ஓம் என்றோ இல்லை என்றோ ராத்தா ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. "மத்ததெல்லாம் ஒண்டா இரிக்கா எண்டு பாக்கணுமே" என்பார். பார்க்கவும் செய்வார். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே மடிக்கணினியில் ஏற்றுவார். இரண்டுக்கும் ஒரே தரவு, ஒரே கட்டளை. இணையத்தை நிறுத்துவார். பின்னால் தானாக ஓடுகிற எல்லாவற்றையும் மூடுவார். சார்ஜர் குத்தியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், பற்றரியில் ஓடினால் கணினி தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும் என்பதற்காக. சூட்டிலும் அது மெதுவாகும் என்பதால் மின்விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பிவிடுவார். எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்கவே மாட்டார். "அது கண் முழிக்கிற ஓட்டம் புள்ள, அதை விடு" என்பார். பிறகு பழையது முதலில், புதியது அடுத்து. மறுபடி புதியது முதலில், பழையது அடுத்து. கைபேசியில் நேரம் பிடித்து, கடைசியில் சொல்வார்: பெரிய கணக்குக்குப் புதுசு கெதி, படம் கீறுவதற்குப் பழசு கெதி, திறக்கிற நேரத்தையும் சேர்த்தால் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கேட்டவர் இதற்கா இவ்வளவு நேரம் இருந்தோம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்.

அட்டாளைச்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார். புதிய பதிப்பு சரியில்லை, ஆமை மாதிரி ஊர்கிறது என்று ஒருநாள் தன்னுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ராத்தா பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தார். கிரிக்கெட் நேரலை ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சேர், வேர்ஷன்ல பிழை இல்ல. உங்கட டீம்தான் ஓடுதில்ல" என்றார்.

ஆசிரியர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஸ்கோரைப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

இந்தப் பழக்கம் கணினியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தையில் இரண்டு பேரிடம் இறாலைப் பார்த்து, இவனுடையதுதான் நல்லது என்று நான் சொன்னால், "அவன் ஐஸ்ல வெச்சிரிக்கான், இவன் இப்பதான் இறக்கியிரிக்கான். அஸருக்குப் பிறகு வந்து இவன்டயைப் பாரு" என்பார். கலியாண வீட்டில் பெண்கள் கூடியிருந்து, மூத்தவளைவிட இளையவள்தான் மணப்பெண்ணாக வடிவு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ராத்தா இடையில் புகுந்து, "மூத்தவட கலியாணத்துக்கு இவ்வளவு லைட் போடல்லையே" என்பார். பெண்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவரோடு ஒரு கலியாணத்துக்குப் போய் வருவது களைப்பான வேலை.

எனக்கு இரண்டு இடத்திலிருந்து கலியாணப் பேச்சு வந்தபோதும் அப்படித்தான். ஒன்று நிந்தவூர், மற்றது சாய்ந்தமருது. வீட்டில் எல்லோருக்கும் நிந்தவூர் மாப்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. மற்றவர் கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். ராத்தாவிடம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு பேரையும் பத்தி ஒரே மாதிரி ஆளிட்டயா விசாரிச்ச?" என்று கேட்டார். வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் கேட்டேன். நிந்தவூர்க்காரரைப் பற்றி அவருடைய சொந்தச் சாச்சாவிடம் விசாரித்திருந்தார்கள். மற்றவரைப் பற்றி, வேலித் தகராறில் இருந்த பக்கத்து வளவுக்காரரிடம். அடுத்த நாள் வாப்பா சாய்ந்தமருதுக்கு மறுபடி போனார், இந்த முறை பள்ளிவாசலடியில் விசாரித்தார். அந்தக் கோபக்காரர்தான் இன்று என் கணவர். கத்தாரில் இருக்கிறார். கோபம் உண்டுதான், அந்த வளவுக்காரர் சொன்ன அளவுக்கு இல்லை.

ராத்தாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. நீளமான ஓட்டம் என்றால் அவர் சும்மா இருக்கமாட்டார். விரலில் மோதிரம்போல மாட்டி, பொத்தானை அமர்த்த எண் கூடிக்கொண்டு போகும் சின்னத் தஸ்பீஹ் மெசின் ஒன்று வைத்திருந்தார். மக்காவுக்கு உம்ரா போன யாரோ கொண்டுவந்து கொடுத்தது. கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே ஸலவாத் ஓதுவார், நபியவர்கள்மேல் சொல்லும் அந்தச் சின்ன வாழ்த்தை. உதடு மட்டும் அசையும். விரல் அமர்த்திக்கொண்டே இருக்கும். ஓட்டம் முடிந்ததும் எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டுப் பூச்சியத்துக்குத் திருப்புவார். நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காகத் தொடங்கியது அது. நாளடைவில் பழகிய ஓட்டங்களுக்கு அதுவே அளவாகவும் ஆகிவிட்டது. "இது ஒரு நூறு ஸலவாத் ஓட்டம். நீ போய்த் தேத்தண்ணி ஊத்து" என்பார். நான் தேத்தண்ணியோடு வரவும் அட்டவணை திரையில் வரவும் சரியாக இருக்கும்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, கரையோரம் முழுவதும் கோமாரி வரைக்கும் வீடு வீடாகக் குடிநீரைப் பற்றிக் கேட்டு எடுத்த கணக்கெடுப்பு ஒன்று. ஒவ்வொரு வருடமும் வரும். ஒரே தரவைக் குலுக்கிக் குலுக்கித் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்கும் ஓட்டம் அது. கணினி மூச்சு வாங்கும். ஒரு வருடம் அந்தத் திட்ட அலுவலகம், எல்லா ஊர்களிலும் இருக்கிற தங்கள் ஆட்களைப் புதிய பதிப்புக்கு மாற்றலாமா என்று ராத்தாவிடம் கேட்டது. ஓட்டிப் பார்த்து, கெதியா மெதுவா என்று அவர் ஒரு சொல் சொல்லவேண்டும். அதை வைத்து முடிவெடுப்பார்கள்.

அப்போது ராத்தாவின் உம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்க்க விடுவார்கள். ராத்தா காலையில் வந்து உட்காருவார், ஓட்டத்தைத் தொடங்குவார், பன்னிரண்டுக்கு முன் முடித்துவிட்டு ஓடுவார். புதிய பதிப்பையும் அப்படி ஒரு காலையில்தான் ஓட்டினார். பழையதைப் பக்கத்தில் வைத்து ஓட்டவில்லை. போன வருடத்து ஓட்டம் எத்தனை ஸலவாத் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. ஓட்டம் முடிந்ததும் விரலைப் பார்த்தார். போன வருடத்தைவிட எண் நன்றாகக் கூடியிருந்தது.

"இது பழசைவிட மெதுவு. மாத்த வேணாம் எண்டு சொல்லிரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அபாயாவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னேன். ராத்தா சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அந்தக் கிழமை அவருடைய உம்மா மௌத்தானார்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து ராத்தா மறுபடி கதிரையில் உட்காரத் தொடங்கிய பிறகு, திட்ட அலுவலகத்தில் கணினிக்குப் பொறுப்பாக இருந்தவர் வந்தார். திருக்கோவில் பக்கத்து ஆள், ராத்தாவைவிட வயது குறைந்தவர், நல்ல மரியாதை தெரிந்தவர். முதலில் உம்மாவைப் பற்றி விசாரித்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை வேறு பேச்சு எடுக்கவில்லை. பிறகுதான் மெல்லச் சொன்னார், ஊர்களில் ஆட்கள் பழைய பதிப்போடு மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள் என்று.

"மிஸ், குறை சொல்ல வரல்ல. நான் அங்க ரெண்டையும் ஓட்டிப் பாத்தன். புதுசுதான் கெதி. அதுவும் கொஞ்ச நஞ்சமில்ல. நீங்க எப்படி அளந்தீங்க?"

ராத்தா வாயைத் திறந்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டி நேரம் பிடிக்கச் சொன்னார். அந்த நீளமான ஓட்டத்தைப் புதிய பதிப்பில் தொடங்கினார். எப்போதும்போலத் திரையைப் பார்த்தபடி ஸலவாத் ஓதினார். நாங்கள் இரண்டு பேரும் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பழையதில் ஓட்டினார். அதற்கும் ஓதினார். இரண்டு ஓட்டமும் முடிய முற்பகல் போய்விட்டது. நேரமும் ஸலவாத்தும் இந்த முறை ஒன்றையே சொல்லின. புதியதுதான் கெதி. உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் காலையில் விரலில் வந்த எண்ணின் பாதிக்குக்கூட இப்போது வரவில்லை.

"மெசின் மெதுவா ஓடல்ல தம்பி. நான்தான் கெதியா ஓதியிரிக்கன்" என்றார் ராத்தா.

வந்தவருக்கு விளங்கவில்லை. ராத்தா விளங்கப்படுத்தினார். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வாயும் அதோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. வழமையாக ஒன்று ஓதுகிற நேரத்தில் இரண்டு மூன்று ஓதியிருக்கிறார். "எனக்குத் தெரியவே தெரியா. வழமை மாதிரித்தான் ஓதுறன் எண்டு நினைச்சன்."

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, "இதெல்லாம் எழுதத் தேவையில்ல மிஸ். அளவு பிழைச்சிட்டுது எண்டு ஒரு வரி போட்டாக் காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

"இல்ல தம்பி. எப்படிப் பிழைச்ச எண்டும் எழுதணும். இல்லாட்டி மத்த மிஸ்மாரும் புது வேர்ஷன்லதான் ஏதோ பிழை எண்டு தேடிக்கிட்டு இரிப்பாங்க."

எழுதினார். ஓதலால் அளந்தேன், ஓதல் விரைந்துவிட்டது என்று அப்படியே எழுதினார். அலுவலகத்தில் அதை வாசித்துச் சிரித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிலர் அவரை ஸலவாத் மிஸ் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ராத்தாவும் அதற்குச் சிரித்தார். அடுத்த வருடம் அந்தக் கணக்கெடுப்பு எங்களிடம் வரவில்லை, வேறு இடத்துக்குப் போனது. காரணம் இதுதானா என்று எனக்குத் தெரியாது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அன்று அந்தத் திருக்கோவில்காரர் போன பிறகு ராத்தாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. "அந்த ஸலவாத் எல்லாம் போய்ச் சேந்திரிக்கும் ராத்தா" என்றேன்.

"சேந்திரிக்கும். அதுல எனக்குச் சந்தேகமில்ல. அதை மணிக்கூடாப் பாவிச்சதுதான் பிழை" என்றார். தஸ்பீஹ் மெசினைக் கழற்றி உம்மாவின் குர்ஆன் இருந்த தட்டில் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகும் ஓதினார், விரலில் எண்ணிக்கை இல்லாமல்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இன்று இந்தக் குழப்பம் இல்லை. மெதுவாகத் தெரிவதெல்லாம் என் அவசரம்தான் என்று முடிவுகட்டிவிட்டு, மகன் பேசும்வரை காத்திருந்திருப்பேன்.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பழைய பெரிய கணினி மெதுவாகத் தொடங்கியது. அதில்தான் நான் பதிவேன். ஒரு கோப்பைத் திறக்கக் கொடுத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம்போல இருந்தது. ராத்தாவிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். யோசித்தார்.

"முந்தி எவ்வளவு நேரம் எடுத்த?"

தெரியாது. ஓட்டங்களைத்தான் நாங்கள் அளந்தோம், கோப்பு திறக்கிற நேரத்தை யாரும் அளந்து வைக்கவில்லை.

"அப்ப எதோட ஒப்பிடுற? நமக்குத்தான் அவசரமோ தெரியா. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார். முன்பு என்றால் அவர் அப்படி விடமாட்டார், மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார். தன் அவசரத்தில் ஒருமுறை ஏமாந்தவர் அல்லவா? இப்போது தன் சந்தேகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

பொறுத்துப் பார்த்தோம். ஒரு காலையில் அதைப் போட்டபோது உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது. கடலுக்கு இவ்வளவு கிட்டே உப்புக் காற்று எதையும் விடாது, டிஸ்க் போய்விட்டது என்றார் திருத்த வந்தவர். கோப்புகள் மெதுவாகத் திறந்ததே அதற்கு அறிகுறி, அப்போதே கூப்பிட்டிருக்கலாமே என்றும் கேட்டார்.

பெரும்பாலானவற்றுக்கு வேறு பிரதி இருந்தது. பாண்டிருப்புத் தாதியொருவரின் ஆய்வுக்கு நான் கடைசியாகப் பதிந்தவை மட்டும் போய்விட்டன. ராத்தா தானே அவரை அழைத்துச் சொன்னார். அவர் வேலை முடிந்து சீருடையோடு வந்துவிட்டார். நாங்கள் பயந்துபோய் இருந்தோம். அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "வினாக்கொத்துக் கட்டு இரிக்குத்தானே? நான் வாசிக்கிறன், நீங்க அடிங்க. வாட்டில நான் பாக்கிறதை விட இது பெரிசில்ல" என்றார். இருட்டுவதற்குள் மூன்று பேருமாகச் சேர்ந்து திரும்பப் பதிந்து முடித்தோம்.

அவர் போன பிறகு ராத்தா சொன்னதுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

"மெதுவு எண்டு மனசுல பட்டா முதல்ல கொப்பி எடுத்து வைக்கணும் புள்ள. பிழை மெசின்லயா நம்மளிலயா எண்டு பிறகு ஆறுதலாப் பாக்கலாம்."

எனக்குக் கலியாணமானது. ராத்தாவும் பொத்துவிலில் மனைவியை இழந்த ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு போனார். அவருக்கு அங்கே இரண்டு பிள்ளைகள், ராத்தாவை உம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது என் மகனுக்கு வருகிறேன். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அவனிடம் ஏதேதோ கேட்டுப் பார்த்தார். அவன் அவருடைய பேனையைப் பிடுங்கினான். பெரிதாகப் பயப்பட வேண்டாம், ஒருக்கால் காட்டிவிடுவது நல்லது என்று, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு திகதி எடுத்துத் தந்தார். நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை.

என் உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நீயும் மூண்டு வயசுலதான் வாய் துறந்த. இப்ப மூட ஏலாமக் கிடக்கு" என்கிறார். ஆண்பிள்ளைகள் பிந்தித்தான் பேசுவார்கள் என்கிறார். கணவர் கத்தாரிலிருந்து, "நான் லீவில வரக்குள்ள பாப்பம். இப்ப கொண்டுபோனா ஊருக்குள்ள புள்ளைக்கு ஒரு பேர் வெச்சிருவாங்க" என்கிறார். அவர் லீவில் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அவர்கள் சொல்வதை மீறி நான் எதையும் செய்து பழகியதில்லை. மீறினால், பிறகு அவனுக்கு ஒன்றுமில்லை என்று வந்தால், வீணாகப் பிள்ளையை அலைக்கழித்தவள் நான். மீறாமல் இருந்து, ஏதோ இருக்கிறது என்று பிந்தித் தெரிந்தாலும் நான்தான்.

ராத்தாவிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அவர் முதலில் என்ன கேட்பார் என்பது தெரியும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கிறதா? இல்லை. வளவு மட்டும்தான் ஒன்று. தங்கச்சியின் மாப்பிள்ளை ஆசிரியர், பின்நேரமானால் வீட்டில் இருப்பார், மகளை மடியில் வைத்துக் கதைத்துக்கொண்டே இருப்பார். அங்கே எந்நேரமும் ஆள்நடமாட்டம். இங்கே நானும் மகனும். அவனுடைய வாப்பா கைபேசிக்குள் இருக்கிறார்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கைபேசியை எடுத்து ராத்தாவுக்குக் குரல் செய்தி பதிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்புவதற்கு முன் சரியாகப் பேசியிருக்கிறேனா என்று கேட்டுப் பார்த்தேன். என் குரலா அது என்றிருந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு இல்லை. யாரோ துரத்துவதுபோல ஓடுகிறது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தூரத்தில், மகனின் குரல். "ம்மா" என்கிறான். நிறுத்துகிறான். காத்திருக்கிறான். மறுபடி "ம்மா" என்கிறான். நான் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், நிறுத்தவே இல்லை. பிறகு அவன் குரல் இல்லை.

அந்தச் செய்தியை அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

அடுத்த நாள் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அவன் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன். மதிலில் தங்கச்சி வீட்டுப் பூனை இருந்தது. "பூனை" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் என் உதடு தானாக அசைந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஸலவாத்துதான் ஓதியிருக்கிறேன், எப்போது தொடங்கினேன் என்று தெரியவில்லை. எவ்வளவு கெதியாக என்றும் தெரியவில்லை. மகன் பூனையைப் பார்க்கவில்லை. என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வந்து விரலை அதன்மேல் வைத்தான்.

என் அவசரம் உண்மைதான், அதை நான் என் காதாலேயே கேட்டுவிட்டேன். ஆனால் என் அவசரம் உண்மை என்பதால் அவனுடைய தாமதம் பொய்யாகிவிடுமா? இரண்டும் ஒன்றாகவே இருக்கலாமே. அந்தப் பெரிய கணினி மெதுவாகத்தான் இருந்தது, நாங்களும் அவசரக்காரர்களாகத்தான் இருந்தோம். ராத்தா சொன்னபடி முதலில் பிரதி எடுத்து வைத்துவிட்டு ஆறுதலாக யோசிக்கலாம் என்றால், பிள்ளை விஷயத்தில் அது எந்த வேலை? அந்த ஆஸ்பத்திரித் திகதிதானா? எனக்கு அப்படித்தான் படுகிறது. பட்டாலும் துணிவு வரவில்லை.

இதை வாசிக்கும் தாய்மாரிடமும் தகப்பன்மாரிடமும் கேட்கிறேன். உங்கள் பிள்ளை பேசப் பிந்தியதா? காத்திருந்தீர்களா, கூட்டிக்கொண்டு போனீர்களா? வீட்டில் வேண்டாம் என்றபோது என்ன சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்கள்? அந்த நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் உங்கள் பதிலை என்னோடு ஒப்பிட ராத்தா விடமாட்டார்.

கெதியாக எழுதுங்கள் என்று முதலில் எழுதினேன், பிறகு அதை வெட்டிவிட்டேன். ஆறுதலாக யோசித்தே எழுதுங்கள். நோன்புப் பிறை தெரிவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் மட்டும் என் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.